பாலத்தின் மேல் ஒருசந்தி

வெளிநாட்டுக் குளிருக்கு ஸ்வெட்டரைவிடக் காலுறைதான் முக்கியம் என்று எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. மதுரையில் ஸ்வெட்டராகப் பார்த்துப் பார்த்து வாங்கினேன். காலுறையை மறந்துவிட்டேன். ஜோஷ்வா, பிராக் விமான நிலையத்தில் எங்கள் இரண்டு பேர் காலையும் பார்த்துவிட்டு, இந்தச் செருப்போடவா வந்தீக என்று திட்டிக்கொண்டே கடைக்குக் கூட்டிப் போனது நீதான். உன் அம்மாவுக்கு நீலக் காலுறை, எனக்குச் சாம்பல் நிறம். நல்ல பிள்ளை நீ. அதனால்தான் நேற்று நீ கேட்டதற்கு இன்று ஒழுங்காகப் பதில் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன்.

நேற்று உன் அம்மாவின் வருஷ நினைவுப் பூசை முடிந்து, கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வரும்போது கேட்டாய்.

"அத்தை, பிராக்குல அந்தப் பாலத்துல படம் வரையிற ஆளு ஒருத்தர் இருக்காரு. அம்மா உக்காந்திருந்தப்ப நீங்க அடுத்த சிலைக்கிட்ட நின்னு பாத்துக்கிட்டே இருந்தீகன்னு சொல்றாரு. மாத்திரை வாங்கப் போயிருந்தேன்னுதான என்கிட்டச் சொன்னீக?"

கேட்கும்போது உன் குரலில் சந்தேகம்கூட இல்லை. அந்த மனுஷர் ஆளை மாற்றிச் சொல்கிறார் என்று நானே சொல்லிவிடுவேன் என்று எதிர்பார்த்தாய். அவர் மாற்றிச் சொல்லவில்லை. நான் அங்கேதான் நின்றேன்.

பள்ளிக்கூடத்துத் தமிழிலேயே சொல்கிறேன், பொறுத்துக்கொள். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் எனக்குக் கோபம் வரும், கோபம் வந்தால் வரிசை தப்பும். முப்பது வருஷத்துக்கு மேல் மிஷன் பள்ளியில் பாடம் நடத்தியவள், வரிசை தப்பினால் எனக்கே பிடிக்காது. உனக்குத் தெரிந்த விஷயங்களையும் சேர்த்துத்தான் சொல்வேன். ஒப்புக்கொள்வது என்று வந்தபின் எதுவும் விட்டுப்போகக் கூடாது.

உன் அம்மா இவாஞ்சலின் என் புருஷனுடைய தங்கை. நான் கல்யாணமாகி நம் ஊருக்கு வந்தபோது அவள் பாவாடை தாவணியில் இருந்தாள். என்னை முதன்முதலில் மதினி என்று கூப்பிட்டதே அவள்தான். அன்பானவள், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அவள் வாய் இருக்கிறதே, அதற்குத் தாழ்ப்பாள் கிடையாது. நான் முழுகாமல் இருப்பதை என் புருஷனுக்கு நான் சொல்வதற்கு முன்னால் மாதா கோவில் பாடகர் குழுவுக்குச் சொன்னவள் அவள். பங்குச் சாமியாருக்கு மாற்றல் வந்த செய்தி சாமியாருக்கே அவள் மூலமாகத்தான் தெரிந்தது என்று ஊரில் கேலி பண்ணுவார்கள். ஒரு விஷயத்தை ரகசியம் என்று சொல்லி அவளிடம் கொடுத்தால், ரகசியம் என்பதையும் சேர்த்துச் சொல்வாள். நானும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

அருள்செல்வி எனக்கு ஒரே பிள்ளை. நீ அவளுக்கு முறைப்பையன். நீங்கள் இரண்டு பேரும் தவழ்கிற காலத்திலேயே இன்னாருக்கு இன்னார் என்று வீட்டில் பேசியாகிவிட்டது. உனக்கு அது பிடித்திருந்தது என்பதும் எனக்குத் தெரியும். அவளுக்குப் பிடித்திருந்ததா என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அவள் மனசில் வேறொருவன் இருந்தான். சின்னமனூர்ப் பையன், விஜய்பாண்டி என்று பெயர், நம் ஆட்கள் இல்லை. கேரளாவுக்குத் திராட்சை லோடு ஏற்றிப் போகும் வண்டி வைத்திருந்தான். எங்கள் தோட்டத்துக்கும் காய் எடுக்க வருவான். அப்படிப் பழக்கம். இதை அவள் தன் அத்தையிடம் சொன்னாள். பன்னீர்த் திராட்சை வெட்டு நடந்த சமயம், பந்தலுக்குள் இரண்டு பேரும் கூடையோடு உட்கார்ந்திருந்தபோது சொல்லியிருக்கிறாள். உன்னைக் கட்டிக்க முடியாது என்பதை உன் அம்மாவிடம்தானே முதலில் சொல்ல வேண்டும்? அந்த அளவுக்கு என் பிள்ளைக்கு மரியாதை தெரியும். யாரிடமும் சொல்லக் கூடாது என்று மாதா மேல் சத்தியமும் வாங்கினாள்.

அந்த வாரம் தாண்டவில்லை. உன் அம்மா வாயைத் திறந்துவிட்டாள்.

விஷயம் உன் மாமா காதுக்குப் போனது. அவர் பிள்ளையை அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. போனை வாங்கி பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார். மறுநாள் காலையிலேயே சாமியாரைப் பார்த்து, உனக்கும் அருளுக்கும் ஓலை கூற ஏற்பாடு செய்துவிட்டு வந்தார். சென்னையிலிருந்த உனக்குப் போன் பண்ணிச் சொன்னபோது நீ சந்தோஷப்பட்டாய். உன்னைக் குற்றம் சொல்லவில்லை, உனக்கு ஒன்றும் தெரியாது. அந்த ஞாயிறு பூசையில் முதல் ஓலை வாசித்தார்கள். இந்தப் பையனுக்கும் இந்தப் பெண்ணுக்கும் கல்யாணம், தடை ஏதும் இருந்தால் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும் என்று மூன்று ஞாயிறு கேட்கிற வழக்கம். சாமியார் கேட்டார். அருள் என் பக்கத்தில்தான் முக்காடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தலையை நிமிர்த்தவே இல்லை.

இரண்டாம் ஓலைக்கு அவள் இல்லை. கொடிக்கு அடிக்க வைத்திருந்த மருந்தைக் குடித்துவிட்டாள். தேனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில், வீரபாண்டி தாண்டும் முன்னாலேயே உயிர் போய்விட்டது. என் மடியில்தான் தலை இருந்தது. ஜன்னலுக்கு வெளியே ஆற்றில் யாரோ மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள்.

உன் மாமாவை இதில் நான் சேர்க்கவில்லை. அவர் ஆண்பிள்ளை, தகப்பன். தெரிந்தால் அப்படித்தான் செய்வார். மழை பெய்தால் நனைகிறோம், அதற்காக மழை மேல் கோபப்படுவோமா? அவரும் ரொம்ப நாள் இருக்கவில்லை. நெஞ்சுவலி வந்து போய்ச் சேர்ந்தார். எனக்கு மிஞ்சியது உன் அம்மா ஒருத்திதான்.

உன் அம்மா மேல் எனக்கு இருந்தது வருத்தம் அல்ல. பழி. அவள் சிரித்தால் எரியும், சாப்பிட்டால் எரியும், நீ வெளிநாட்டு வேலைக்குப் போனதை அவள் சந்தோஷமாகச் சொன்னபோது இன்னும் அதிகமாக எரிந்தது. அவளுக்குப் பிள்ளை இருக்கிறது, வாயும் இருக்கிறது. என் பிள்ளை மண்ணுக்குள் இருக்கிறது. இதை நான் யாரிடமும் காட்டிக்கொள்ளவில்லை. ஒரு நாளும் சத்தம் போட்டதில்லை. அவளுக்குச் சர்க்கரை முற்றி, கை நடுங்க ஆரம்பித்த பிறகு, இரண்டு வேளையும் அவள் வீட்டுக்குப் போய் இன்சுலின் போட்டுவிட்டது நான்தான். நாத்தனாருக்கு யார் இப்படிச் செய்வார்கள் என்று ஊரே மெச்சியது. அவள் அழுவாள்.

"மதினி, நான் அன்னிக்கி வாயைப் பொத்திக்கிட்டு இருந்திருந்தா பிள்ளை இருந்திருக்கும்ல மதினி."

நான் பஞ்சால் ஊசி போட்ட இடத்தைத் துடைப்பேன்.

நீ பிராக்குக்குக் கூப்பிட்டபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை. குழந்தை இயேசு இருக்கிற ஊர் அல்லவா? வியாழக்கிழமை தவறாமல் நவநாள் ஜெபம் சொல்கிறவள், அந்தச் சுரூபத்தையே நேரில் பார்க்கலாம் என்றால் விடுவாளா? ஆனால் இங்கிலீஷ் தெரியாது, தனியாக வரப் பயம். மதினி வந்தாத்தான் போவேன் என்று என்னைக் கட்டிக்கொண்டாள். சரி என்றேன். அப்போது என் மனசில் எந்தத் திட்டமும் இல்லை, இதை நீ நம்பலாம். ஊசி மருந்தை ஐஸ் பையில் பத்திரமாக வைத்து எடுத்து வந்தவள் நான்.

பாலத்துக்கு முதலில் எங்களைக் கூட்டிப் போனது நீ. ஒரு ஞாயிற்றுக்கிழமை. சார்லஸ் பாலம், அறுநூறு வருஷத்துக்கு மேல் பழசு, வண்டி எதுவும் போகாது, நடக்கிறவர்களுக்கு மட்டும்தான் என்று சொல்லிக்கொண்டே வந்தாய். உத்தமபாளையத்தில் பாலத்தைக் கடக்க உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிறவர்களுக்கு அது அதிசயமாகத்தான் இருந்தது. கருங்கல் பாவிய தரை. இரண்டு பக்கமும் வரிசையாகப் புனிதர்கள், வெயிலும் பனியும் குடித்துக் கறுத்துப்போன சிலைகள். கீழே அகலமான ஆறு, அதில் வெள்ளைப் பறவைகள். உன் அம்மா ஒவ்வொரு சிலைக்கும் சிலுவை போட்டுக்கொண்டே நடந்தாள்.

தலையைச் சுற்றி ஐந்து நட்சத்திரம் வைத்த சிலையிடம் நின்றோம். நெப்போமுக் அருளப்பர். எனக்கு அவரைத் தெரியும். நான் கன்னியர் மடத்து விடுதியில் படித்தபோது, உதட்டில் விரல் வைத்தபடி அவர் படம் ஒன்று படிப்பறையில் மாட்டியிருந்தது, நாங்கள் பேசாமல் இருப்பதற்காக. கதையை நீ சொன்னாய். ராணி பாவசங்கீர்த்தனத்தில் இவரிடம் ரகசியமாகச் சொன்ன பாவம் என்ன என்று ராஜா கேட்டாராம். சாமியார் சொல்லமாட்டேன் என்றாராம். இந்தப் பாலத்திலிருந்துதான் ஆற்றில் தூக்கிப் போட்டார்களாம். அந்த இடத்தில் பித்தளைத் தகட்டைத் தொட்டால் வேண்டியது நடக்கும் என்று ஜனங்கள் தொட்டுத் தொட்டு அது பொன்னாய் மின்னியது.

உன் அம்மா தகட்டின் மேல் கை வைத்தவள் எடுக்கவே இல்லை.

"ஒருத்தர் சொன்ன ரகசியத்தைச் சொல்லமாட்டேன்னதுக்காகவா சாகடிச்சாக?" என்று கேட்டாள். நீ ஆமாம் என்றாய். திரும்பி வரும்போது டிராமில் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. உனக்கு ஞாபகம் இருக்கும், அம்மாவுக்குக் குளிரா என்று கேட்டாய். குளிர் இல்லை. அப்போதுதான் எனக்கு வழி தெரிந்தது.

நம் ஊரில் பெரிய வெள்ளிக்குப் பெண்கள் மௌன ஒருசந்தி இருப்பது உனக்குத் தெரியும். சொட்டுத் தண்ணீர் படாமல், ஒரு வார்த்தை பேசாமல், சிலுவையிலிருந்து திருச்சுரூபம் இறக்குகிற வரைக்கும். உன் அம்மா ஒரு வருஷமும் அதை முழுசாக முடித்ததில்லை. சோறில்லாமல் இருந்துவிடுவாள், பேச்சில்லாமல் இருக்க முடியாது. நான் அந்த ஒருசந்தியை அவளிடம் எடுத்துச் சொன்னேன்.

"இவா, உள்ளூர்ல இருக்குற ஒருசந்தி வேற, இந்தப் பாலத்துல அருளப்பர் காலடியில இருக்குற ஒருசந்தி வேற. பச்சத்தண்ணி குடிக்காம, வாயைத் திறக்காம, நான் வந்து எந்திரின்னு சொல்ற வரைக்கும் இருந்துட்டேன்னா அருளு ஆத்துமா உத்தரிக்கிற ஸ்தலத்துல இருந்து கரையேறிரும். உன்னையும் மன்னிச்சிருவா."

"நெசமாவா மதினி? நீங்களும் மன்னிச்சிருவீகளா?"

"இருந்துட்டு வா. பாப்போம்."

அங்கே அப்படி ஒரு வழக்கமே கிடையாது. நானாக உண்டாக்கினேன். உன்னிடம் சொல்லக் கூடாது, சொன்னால் பலிக்காது என்றேன். அதையும் அவள் காப்பாற்றினாள் பார், உனக்கு இன்று வரைக்கும் தெரியாதே.

நீ ஆபீஸ் போன பிறகு, எப்போதும் போடுகிற ஊசியைப் போட்டேன். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஊசி போட்டால் சாப்பிட வேண்டும், அவளுக்கே தெரியும். சட்டியில் உப்புமா மூடி வைத்திருந்தது.

"மதினி, மயக்கம் வந்துறாதே?"

"அருளு குடிச்சதுக்கு முன்னால இது என்னத்தா பெரிசு?" என்றேன். அவள் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

முதலில் குழந்தை இயேசு கோவிலுக்குப் போனோம். சின்னஞ்சிறு சுரூபம், பச்சைப் பட்டு உடுத்தியிருந்தார்கள். அவள் பார்த்துப் பார்த்து அழுதாள். வாய் திறக்கவில்லை, ஒருசந்தி ஆரம்பித்துவிட்டது அல்லவா. அங்கிருந்து பாலம் நடக்கிற தூரம்தான். அருளப்பர் சிலையடியில் ஒரு கல் விளிம்பில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, நீ வாங்கிக் கொடுத்த கோட்டோடு உட்கார்ந்தாள். கையில் ஜெபமாலை. நான் அடுத்த சிலைப் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

அன்று வெயில் இருந்தது, சூடு இல்லை. ஜனம் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது. ஒருவர் வயலின் வாசித்தார். அந்தப் படம் வரைகிற மனுஷர் எதிரே கரித்துண்டை வைத்துக்கொண்டு யாரோ ஒரு சீனப் பெண்ணை வரைந்துகொண்டிருந்தார். சேலை கட்டிய ஒரு பொம்பளை ஜெபமாலை உருட்டுவதை நாலைந்து பேர் போட்டோ எடுத்தார்கள். நேரம் ஆக ஆக அவள் முகம் வெளுத்து வேர்த்தது. அந்தக் குளிரில் வேர்த்தது என்றால் உனக்கே புரியும்.

ஒரு வெள்ளைக்காரம்மா குனிந்து ஏதோ கேட்டார். உன் அம்மா நாம் சரி என்பதற்குத் தலையை ஆட்டுவோமே, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக, அப்படி ஆட்டினாள். அந்த அம்மாவுக்கு அது ஆமாவா இல்லையா என்று விளங்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றார். கையில் சர்க்கரை தோய்த்த சுருள் ரொட்டி வைத்திருந்தார், பாலத்து முனையில் விற்கிறார்களே, நீகூட எனக்கு வாங்கிக் கொடுத்தாய். அதில் ஒரு துண்டைப் பிய்த்து நீட்டினார். உன் அம்மா கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்றாள். அந்தத் துண்டைத் தின்றிருந்தால் பிழைத்திருப்பாள். அவள் தின்னவில்லை.

என் கைப்பைக்குள்ளும் நீ கொடுத்த குளுக்கோஸ் மிட்டாய் இருந்தது. அம்மாவுக்கு ஒரு மாதிரி வந்தா உடனே வாயில போடுங்க அத்தை என்று சொல்லிக் கொடுத்தாய். ஜிப்பைத் திறந்தேன். பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்தேன். பிறகு ஜிப்பை மூடினேன்.

கடைசியில் அவள் என்னைத் தேடினாள். கண் நிலைகொள்ளாமல் கூட்டத்துக்குள் அலைந்து, என்னைக் கண்டுபிடித்தது. நான் ஒளியவில்லை. நான் அங்கே நிற்பதைப் பார்த்ததும் அவளுக்கு என்னவோ தைரியம் வந்த மாதிரி இருந்தது. துணைக்கு நிற்கிறேன் என்று நினைத்தாள் போல. சிரித்தாள். நடுங்குகிற விரலை எடுத்து உதட்டின் மேல் வைத்துக் காட்டினாள், நான் பேசவே இல்லை மதினி என்கிற மாதிரி. பிறகு மெதுவாகப் பக்கவாட்டில் சரிந்தாள்.

ஜனம் கூடியது. ஆம்புலன்ஸ் வரச் சிறிது நேரம் ஆனது. நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி, மாரில் அடித்துக்கொண்டு அழுதேன். நடிப்பு என்று நினைக்காதே, அழுகை தானாகத்தான் வந்தது. ஆனால் மிட்டாயை அப்போதும் எடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் நீ ஓடி வந்து, "அம்மா காலையில சாப்ட்டாகளா?" என்று கேட்டாய். உப்புமா சாப்பிட்டாள் என்றேன். வீட்டுக்குத் திரும்பியதும் அந்த உப்புமாவைக் கொட்டிச் சட்டியைக் கழுவிவைத்தேன். வயசானவள், சர்க்கரைக்காரி, குளிர் ஊர் என்று டாக்டர்கள் முடித்துவிட்டார்கள். உன் அம்மாவைக் கொன்றது நான். இதை நீ போலீசிடம் சொல்லலாம், சாமியாரிடம் சொல்லலாம். நான் மறுக்கமாட்டேன்.

எனக்கு இதில் வெட்கமில்லை, ஜோஷ்வா. ஒரு வாய் திறந்ததால் ஒரு பிள்ளை போனது. அந்த வாய் மூடியபடியே போனது. கணக்கு வாத்தியார் கேட்டாலும் விடை சரி என்றுதான் சொல்வார்.

ஒன்று மட்டும் பாக்கி. அம்மா அன்றைக்கு யாரிடம் சொன்னாள் என்று நீ கேட்கவில்லை. ஊரெல்லாம் பரப்பியிருப்பாள் என்று நீயும் நினைத்திருப்பாய், அவள் குணம் அப்படி. விட்டுப்போகக் கூடாது என்று ஆரம்பித்தேன், அதனால் சொல்கிறேன்.

நான் அடுக்களையில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தேன். பின்வாசல் வழியாக வந்தாள். வந்தவள் உட்காரவும் இல்லை.

"மதினி, நீங்க பெத்தவுக, அதனால உங்கட்ட மட்டும் சொல்றேன். சத்தியத்த மீறிச் சொல்றேன். பிள்ளைக்கு என் மகனைக் கட்ட மனசு இல்ல. அவ மனசுல வேற ஒருத்தன் இருக்கான். ஓலை கீலைன்னு அவசரப்பட்டுறாதீக. ஜோஷ்வாகிட்ட நான் பக்குவமாப் பேசிக்கிறேன், அவன் எம் பேச்சைக் கேப்பான். அண்ணனுக்கு மட்டும் தெரிய வேணாம் மதினி. தெரிஞ்சா விடமாட்டாக."

அவ்வளவுதான். என்னைத் தவிர வேறு ஒருத்தரிடமும் அவள் சொல்லவில்லை. பின்னால் நான் ஒவ்வொருத்தராகக் கிளறிப் பார்த்துவிட்டேன், ஊரில் ஒரு காதுக்கும் போகவில்லை. ஆனால் அந்த ஒரு தடவை சொன்னாளே, அது போதாதா? சொல்லியிருக்காவிட்டால் எனக்கு எப்படித் தெரியும்?

நான் வெளியே மூச்சு விடவில்லை. அன்றைக்குச் சோறு போடும்போது உன் மாமாவிடம் சொன்னேன். கட்டின புருஷனிடம் சொல்வதையெல்லாம் சொன்னதாகச் சேர்க்க முடியாது, ஜோஷ்வா.